நாகஜோதி கயிற்றை விடவில்லை

ஷார்ஜாவில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில், பதினேழாம் நம்பர் பஸ்ஸுக்கு நாகஜோதிதான் ஆன்ட்டியாக இருந்தார். பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றி, பெல்ட் மாட்டி, தலையை எண்ணி, திரும்பும்போது வீட்டு ஆள் கையில் ஒப்படைக்கிற பெண்களுக்கு இங்கே அதுதான் பெயர். அவர்களைப் பள்ளிக்கூடம் வேலைக்கு வைப்பதில்லை. ஒரு ஒப்பந்தக் கம்பெனி அனுப்புகிறது. சாம்பல் நிறச் சட்டை, கறுப்புப் பேன்ட், மேலே பளபளக்கும் பச்சை மேலங்கி. ஆசிரியைகள் சிலரும் அதே பஸ்ஸில்தான் போவோம். நான் காலை ஐந்தே முக்காலுக்கு, குடியிருக்கும் ரோலா பகுதியில் ஏறுவேன். முதல் சீட்டில் பையை வைத்துக் கண்ணை மூடினால் பள்ளிக்கூட வாசலில்தான் திறப்பேன். அதனால் நாகஜோதியை நான் சரியாகப் பார்த்ததே ஒரு வருஷம் கழித்துத்தான்.

அன்றைக்கு லிஃப்ட் பழுது. மூன்றாம் மாடி ஆசிரியர் அறையில் தண்ணீர் தீர்ந்துபோய், கேன் கொண்டுவர ஆள் இல்லை என்று எல்லோரும் அலுத்துக்கொண்டிருந்தோம். கதவு திறந்தது. இரண்டு பெரிய தண்ணீர் கேன்களை, ஒரு கைக்கு ஒன்றாகக் கழுத்தைப் பிடித்துத் தொங்கவிட்டபடி நாகஜோதி நின்றார். மூச்சு வாங்கவில்லை.

"எங்க வைக்க, டீச்சர்?"

"என்னக்கா இது! ஒண்ணொண்ணா கொண்டு வரக்கூடாதா?"

"ரெண்டு தடவ ஏறணுமே. சர்க்கஸ்ல ஜீப்பு ஏறின நெஞ்சு, டீச்சர். இது வெறும் தண்ணி."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கேன்களை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் பஸ்ஸில் தூங்கவில்லை. மதியம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட பிறகு ரோலா வரைக்கும் இருபது நிமிஷம் இருக்கும். அந்த இருபது நிமிஷங்களில், பல மாதங்களாக, அவர் எனக்குச் சொன்னதுதான் இது.

சாத்தூர்ப் பக்கம். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினார். நாகஜோதிக்குப் பன்னிரண்டு வயதில் ஊருக்கு சர்க்கஸ் வந்தது. முகாம் முடிந்து கூடாரத்தைப் பிரித்தபோது அவரும் அந்த லாரியில் இருந்தார். அந்தக் காலத்தில் அதை யாரும் தப்பென்று சொல்லவில்லை. ஊஞ்சலில் பறக்கத்தான் அவரை எடுத்தார்கள். ஆனால் தோள் நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டே போனது. தலச்சேரிக்காரரான பயிற்சி மாஸ்டர் சேதுமாதவன், "இவ பறக்க மாட்டா, நிப்பா" என்று சொல்லி, மனிதப் பிரமிடில் எல்லோருக்கும் கீழே நிறுத்தினார்.

"ஏழு பேரு டீச்சர், என் மேல. உச்சியில இருக்கிற பொண்ணு ரெண்டு கையையும் விரிச்சு ஆட்டுவா. ஜனமெல்லாம் அவளத்தான் பாக்கும். கீழ யாரு நிக்கிறான்னு ஒருத்தனும் பாத்ததில்ல."

"கல்யாணம் பண்ணிக்கலையா அக்கா?"

"ஏழு பேரச் சொமந்தாச்சு. எட்டாவதா ஒருத்தன் எதுக்கு?"

பத்தொன்பது வயதில் வாய்ப்பு வந்தது. சர்க்கஸின் பயில்வானுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மூன்று காட்சி. பயில்வான் ஐட்டம் இல்லாமல் என்ன செய்வது என்று முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நான் செய்கிறேன் என்று நாகஜோதி போய் நின்றதும் அவர் சிரித்திருக்கிறார். நாகஜோதி ஓரமாகக் கிடந்த இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து, ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைத் தொண்டைக்குழியில் வைத்து, அப்படியே முன்னால் சாய்ந்தார். கம்பி வளைந்தது. சிரிப்பு நின்றது. அடுத்த ஊர்ச் சுவரொட்டியில் "இரும்பு நங்கை ஜோதி" என்று பெரிய எழுத்தில் போட்டார்கள்.

மார்பைச் சுற்றிச் சங்கிலி கட்டி, மூச்சை இழுத்து அதைத் தெறிக்க வைப்பார். மல்லாந்து படுத்து, மேலே பலகை போட்டு ஜீப்பை ஏற்றிக்கொள்வார். எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கயிறு ஐட்டம். இரண்டு கைகளிலும் இரண்டு வடக்கயிறு. பக்கத்துக்கு ஐந்து ஆண்கள் பிடித்து இழுப்பார்கள். நடுவில் அவர் அசையாமல் நிற்பார்.

"அதுல பலம் பாதிதான் டீச்சர். காலு எங்க நிக்குது, மூச்சு எங்க நிக்குது, அதுதான் மீதி. மூச்ச விட்டோம்னா தோள் ரெண்டும் பிஞ்சிரும்."

கயிறு ஐட்டத்தின் முடிவில் ஒரு சவால் உண்டு. இந்த நங்கையை இழுத்து அசைக்க யாராவது இருக்கிறீர்களா என்று மைக்கில் கேட்பார்கள். முண்டாசு கட்டின இளவட்டங்கள் வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஆனால் முன்வரிசை நாற்காலியிலிருந்து யாராவது எழுந்து வந்தால் மட்டும் முதலாளி கண்ணைக் காட்டுவார். கூடாரம் போட இடம் கொடுத்தவர், அனுமதிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர், அவருடைய மைத்துனர் இப்படி. கண்ணைக் காட்டினால் தோற்க வேண்டும். தடுமாறுகிற மாதிரி இரண்டு அடி நகர்ந்து, கயிற்றை விட்டு, கும்பிட வேண்டும்.

"எத்தன தடவ தோத்திருப்பேன்னு கணக்கில்ல. அதுகூடப் பரவால்ல. ஒரு ஊர்ல ரைஸ் மில்லுக்காரர் ஒருத்தர் வந்தாரு. நல்ல தொந்தி. நா விட்டுக் குடுத்தேன். மனுசன் மைக்க வாங்கி, 'இவளே இப்பிடின்னா அந்தச் சங்கிலியும் தகரமாத்தான்யா இருக்கும்'னுட்டாரு. மறுநா காட்சியில நா சங்கிலிய மாட்டுறேன், கூட்டம் பூரா 'தகரம், தகரம்'னு கத்துது."

முதலாளிக்கு அது பிடித்துப்போனது. கூட்டம் சிரிக்கிறதே. அடுத்த ஊரிலிருந்து நாகஜோதி சங்கிலியை அறுத்ததும் கோமாளி ஒருவன் ஓடிவந்து, காகிதச் சங்கிலியை மாட்டித் தும்மலிலேயே அறுக்க ஆரம்பித்தான். அப்படியே ஆறு வருஷம்.

"நெசச் சங்கிலி, டீச்சர். மார்ல தழும்பு கெடக்கு. அதுக்குப் பொய்னு பேரு." பஸ் சிக்னலில் நின்றது. அவர் வெளியே பார்த்தார். "ஒரு நா காலையில மொதலாளிகிட்டப் போயி, இனிமே நா வேணும்னு தோக்க மாட்டேன்னு சொன்னேன். அப்ப நீ வேண்டாம்னாரு. சரின்னு பெட்டியத் தூக்கிட்டேன்."

அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. ஒன்றரை வருஷம் கழித்து ஷார்ஜாவுக்கு வந்து அலுவலகங்களில் தரை துடைத்தார். பிறகு பஸ். ரோலாவில் ஒரு ரூமில் நான்கு பேர். மட்டக்களப்பு நீலா, மலப்புறத்து ஷம்சியா, ஹைதராபாத்காரி இஃப்பத். எல்லோருமே எங்கள் பள்ளிக்கூட பஸ் ஆன்ட்டிகள்தான்.

இனி விளையாட்டு விழாவுக்கு வருகிறேன்.

பிப்ரவரி மாதம், வியாழக்கிழமை. எங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு விடுமுறை என்பதால் பெற்றோர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஆன்ட்டிகளுக்குத் தட்டில் தண்ணீர்க் கோப்பை ஏந்திப் பந்தலில் சுற்றும் வேலை. மைக் விஜயபாஸ்கரிடம் இருந்தது. காப்பீட்டுக் கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர். பள்ளிக்கூடக் கமிட்டியில் ஒருவர். அவர் மகள் ஷ்ருதி பதினேழாம் நம்பர் பஸ்ஸில்தான் வருவாள். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. குரல் நன்றாக இருக்கும், அது அவருக்கும் தெரியும்.

கயிறு இழுக்கும் போட்டியில் அப்பாக்கள் அணி ஆசிரியர்கள் அணியைச் சுலபமாக இழுத்துவிட்டது. கடைசி ஆளாக நின்றது விஜயபாஸ்கர்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி மைக்கைப் பிடித்தார். எங்களோடு மோத இன்னும் யாராவது இருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். டிரைவர்கள்? கேன்டீன்காரர்கள்? ஒரு நொடி நிறுத்தி, "பஸ் ஆன்ட்டீஸ்?" என்றார்.

பந்தல் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும்.

என் பக்கத்தில் நின்ற நாகஜோதி, தட்டை என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் புடிங்க டீச்சர்."

நான் வாங்கிக்கொண்டேன். அவர் மைதானத்தைப் பார்த்து நடந்தார். பாதி வழியில் நின்று, திரும்பி, கையை உயர்த்தி, "ஷம்சியா! நீலா! யல்லா, வாங்க!" என்று கூப்பிட்டார். பந்தலின் மூலைகளிலிருந்து பச்சை மேலங்கிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. தட்டுகளை நாற்காலியிலும் தரையிலும் வைத்துவிட்டு, நாகஜோதியோடு சேர்த்து எட்டுப் பேர் போய்க் கயிற்றின் பக்கத்தில் நின்றார்கள்.

உடற்பயிற்சி ஆசிரியர் சரவணகுமார் ஓடிவந்தார். "அக்கா, நெசமாவா?"

"மைக்ல கூப்பிட்டாங்கள்ல சார்."

அவர் விஜயபாஸ்கரைப் பார்த்தார். விஜயபாஸ்கர் தோளைக் குலுக்கிச் சிரித்தார். பிள்ளைகள் அதற்குள் கத்த ஆரம்பித்திருந்தார்கள். இனி யாராலும் நிறுத்த முடியாது.

அப்போதுதான் ஜெயமணி வந்தார். ஒப்பந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர். வேர்த்து விறுவிறுத்து வந்தவர் நாகஜோதியை ஓரமாக அழைத்தார். தட்டோடு நான் நாலடி தள்ளித்தான் நின்றேன். எல்லாம் கேட்டது.

"அக்கா, அவரு வெளையாட்டுக்குச் சொன்னாரு. நீங்க நெசமா எடுத்துக்கிட்டீங்களே."

"நாங்களும் வெளையாடத்தான் சார் வந்திருக்கோம்."

"சரி சரி, வந்தது வந்தாச்சு." ஜெயமணி குரலைத் தாழ்த்தினார். "ஒரு நிமிஷம் இழுங்க, அப்புறம் விட்ருங்க. கடைசியில நிக்கிறவரு யாருன்னு தெரியும்ல? கமிட்டி. நம்ம காண்ட்ராக்டே அவங்க கையில இருக்கு. ஜனங்க சிரிப்பாங்க, கை தட்டுவாங்க, கலாஸ், முடிஞ்சது."

எனக்கு அந்த ரைஸ் மில்லுக்காரர் ஞாபகம் வந்தது.

"தோத்தாத் தோக்கறோம் சார்," என்றார் நாகஜோதி. "விட மாட்டோம்."

அவர் போய்க் கடைசி ஆளாக நின்றார். கயிற்றை ஒரு கையின் அடியில் கொடுத்து, முதுகைச் சுற்றி, மறு தோளுக்கு மேலாக எடுத்து முன்னால் விட்டார். நீலா மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றுவதைப் பார்த்து, "சுத்தாத! கை போயிரும்!" என்று அதட்டினார். முன்னால் நின்ற ஷம்சியாவுக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. மலப்புறத்தில் வடம்வலி என்கிற கயிறு இழுக்கும் போட்டியைப் பார்த்தே வளர்ந்தவள்.

மூன்று முறை இழுக்க வேண்டும். இரண்டு ஜெயித்தால் வெற்றி. சரவணகுமார் விசிலடித்தார்.

முதல் முறை ஆறு நொடிகூட ஆகவில்லை. நீலாவின் தேய்ந்த ஷூ செயற்கைப் புல்லில் வழுக்க, அவள் முன்னால் நின்றவள் மேல் சரிய, மொத்த வரிசையும் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. சிரிப்பும் கைத்தட்டலும். விஜயபாஸ்கர் இந்தப் பக்கம் வந்து, நல்ல முயற்சி என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஜெயமணி முகத்தில் ரத்தம் திரும்பியது. போதும் என்று கையைக் காட்டினார்.

நாகஜோதி அந்தப் பக்கமே திரும்பவில்லை. மற்ற ஏழு பேரையும் வட்டமாக நிற்க வைத்தார்.

"நல்லாத் தோத்தோம். நெசமாத் தோத்தோம். அதுல ஒண்ணுமில்ல. ஏன் தோத்தோம்? இழுத்தோம், அதான். இனிமே இழுக்காதீங்க. நில்லுங்க. அவங்க இழுக்கட்டும். எல்லாரும் கையால இழுக்கறாங்க, கை சீக்கிரம் செத்துரும். நா 'ம்'னு சொன்னா ஒரு அடி பின்னால. ஒரே ஒரு அடி. ஷூ தேஞ்சவளெல்லாம் கழட்டு."

"சாக்ஸும் கழட்டவா அக்கா?" என்றாள் நீலா.

"எல்லாத்தையும் கழட்டு. வெறுங்கால் வழுக்காது."

இஃப்பத்துக்கு ஷம்சியா இந்தியில் சொன்னாள். இஃப்பத் தலையாட்டிவிட்டு ஷூவை வீசிய வேகத்தில், அது கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது.

இரண்டாம் முறை விசில் ஊதியதும் அப்பாக்கள் பலமாகச் சுண்டினார்கள். கயிறு விறைத்தது. பச்சை மேலங்கிகள் சாய்ந்தன, ஆனால் நகரவில்லை. பத்து நொடி. இருபது நொடி. நடுவில் கட்டிய சிவப்பு ரிப்பன் துடித்துக்கொண்டே இருந்தது. அப்பாக்கள் மறுபடி சுண்டினார்கள், மறுபடியும். ஒவ்வொரு சுண்டலும் முந்தியதைவிடச் சின்னதாக இருந்ததை நான்கூடப் பார்த்தேன்.

"ம்," என்றார் நாகஜோதி.

எட்டு ஜோடிக் கால்கள் ஒரு அடி பின்னால் போயின. நின்றன.

"ம்."

பந்தலில் சிரிப்பு அடங்கிவிட்டது. பிறகு எங்கிருந்தோ ஒரு குட்டிக் குரல் "ஜோதி ஆன்ட்டி!" என்று கத்தியது. அடுத்த நொடி மைதானத்தின் நாலு பக்கமும் கத்த ஆரம்பித்தது. பதினேழாம் நம்பர், ஒன்பதாம் நம்பர், இருபத்திரண்டாம் நம்பர் என்று ஒவ்வொரு பஸ் பிள்ளைகளும் அவரவர் ஆன்ட்டி பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அந்த எட்டுப் பேரின் பெயரும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. ஆசிரியைகளான எங்களில் பலருக்கு மூன்று பேர் பெயர்கூடத் தெரியாது. பதினொன்றாவது "ம்"மில் ரிப்பன் கோட்டைத் தாண்டியது.

மூன்றாவது முறை இரண்டு நிமிஷத்துக்கும் மேல் நீண்டது. அப்பாக்களும் இப்போது விளையாடவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணி இழுத்தார்கள். ஒரு கட்டத்தில் ரிப்பன் அவர்கள் பக்கம் நன்றாகப் போய்விட்டது. இன்னும் ஒரு முழம்தான். ஷம்சியாவின் பிடி நழுவிக்கொண்டிருந்தது. "சேச்சீ..." என்று நாகஜோதியை மலையாளத்தில் அக்காவாகக் கூப்பிட்டு முனகினாள். நாகஜோதி கிட்டத்தட்டத் தரையில் படுத்திருந்தார். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. முகத்தில் வலி இருந்தது. அதோடு ஒரு கோபமும் இருந்தது. எதிரில் நின்ற யார் மேலும் இல்லாத கோபம்.

"நில்லு," என்றார். "நில்லு. நில்லு. அவங்களுக்கும் வலிக்குது. நில்லு."

நின்றார்கள். பிறகு "ம்". பிறகு இன்னொன்று. விட்ட இடமெல்லாம் அடி அடியாகத் திரும்பி வந்தது. எதிரணியில் ஒருவர் கையை உதறினார், இன்னொருவர் முட்டி போட்டார். கடைசியில் விஜயபாஸ்கரின் விலையுயர்ந்த ஷூ சறுக்கி, அவர் சப்பென்று உட்கார்ந்தார். மொத்தக் கயிறும் பச்சை மேலங்கிகளின் பக்கம் ஓடியது.

பிள்ளைகள் மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டார்கள். நீலா அழுதாள், இஃப்பத் குதித்தாள். நாகஜோதி கயிற்றைத் தோளிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, நேராக விஜயபாஸ்கரிடம் போய்க் கையை நீட்டினார். அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. தானே எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார்.

நாகஜோதி என்னிடம் வந்து தட்டை வாங்கினார். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தன. "தண்ணி சுட்டுப்போச்சு டீச்சர். மாத்திட்டு வர்றேன்."

திங்கட்கிழமைக்குள் அந்த வீடியோ பெற்றோர்களின் எல்லா வாட்ஸப் குழுக்களையும் சுற்றிவிட்டது. விஜயபாஸ்கர் உட்காரும் இடத்தை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பாட்டுப் போட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை ஜெயமணி எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு காகிதத்தோடு வந்தார். பணி நேரத்தில் கடமையை விட்டது, சீருடை விதியை மீறி வெறுங்காலோடு நின்றது, மரியாதைக்குரிய விருந்தினருக்குத் தர்மசங்கடம் ஏற்படுத்தியது. இரண்டு நாளில் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்காவிட்டால் நடவடிக்கை.

நாகஜோதி தன் காகிதத்தை என்னிடம் கொடுத்தார். "இங்கிலீஸ்ல பதில் எழுதிக் குடுங்க டீச்சர்."

அன்று மாலையே எழுதினேன். நல்ல ஆங்கிலம். நடந்ததற்கு மனமார வருந்துகிறேன், உற்சாகத்தில் எல்லை மீறிவிட்டேன், இனி இப்படி நடக்காது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். என்னையும் காப்பாற்றிக்கொள்கிறேன் என்பது அடிமனதில் தெரிந்தே இருந்தது. மறுநாள் பஸ்ஸில் தமிழில் படித்துக் காட்டினேன்.

"வருந்துறேன்னு எங்க இருக்கு?"

காட்டினேன்.

"அத அடிங்க."

"அக்கா..."

"இனிமே நடக்காதுன்னு இருக்குல்ல, அதையும் அடிங்க. நடக்கும்."

"வேலை போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"முன்னாடி ஒரு தடவ போயிருக்கு. செத்தா போனேன்?" தோலுரிந்த உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "நா சொல்றத அப்பிடியே எழுதுங்க. அலங்காரமெல்லாம் வேண்டாம்."

அவர் சொன்னது இவ்வளவுதான்: 'மைக்கில் எங்களைக் கூப்பிட்டார்கள். போனோம். வேண்டுமென்றே தோற்கச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். முதல் முறை தோற்றோம், பிறகு இரண்டு முறை ஜெயித்தோம். தண்ணீர் கொடுப்பது அரை மணி நேரம் நின்றது. அது தப்புதான், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஜெயித்ததற்குக் கேட்க மாட்டேன்.'

பள்ளிக்கூட பிரிண்டரில் எடுக்க எனக்குத் தைரியமில்லை. ரோலாவில் ஒரு டைப்பிங் சென்டருக்குப் போனேன். பின்னாலேயே ஷம்சியா வந்து நின்றாள். "டீச்சரே, எங்களுக்கும் இதுதான் மதி. இதே போதும், பேரு மட்டும் மாத்தித் தாங்க." எட்டுப் பிரதி எடுத்தோம். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டார்கள். நீலா தமிழில் போட்டாள், இஃப்பத் உருதுவில்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் காலை, ஷ்ருதியை ஏற்றிவிட விஜயபாஸ்கரே வந்திருந்தார். வழக்கமாக வீட்டு வேலைக்காரப் பெண்தான் வருவாள். மகள் ஏறிய பிறகும் கதவருகே நின்றார்.

"அன்னிக்கு என் ஷூ வழுக்கிடுச்சு," என்றார்.

"ஆமா சார், பாத்தேன்."

"இல்லன்னா..."

"இல்லன்னா இன்னும் ஒரு நிமிஷம் ஆயிருக்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "அந்த லெட்டர், கம்ப்ளெயின்ட்... அது நான் குடுக்கல. உங்களுக்குத் தெரியணும்," என்றார்.

"நீங்க குடுக்கல. நிறுத்தவும் இல்லயே சார்."

பஸ் கிளம்பியது. நாகஜோதி ஷ்ருதியின் பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

எட்டுக் கடிதங்களுக்கும் பதில் வரவே இல்லை. பயிற்சி முடித்து அனுமதி அட்டை வாங்கிய எட்டுப் பேரை வருஷத்தின் நடுவில் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டால், அடுத்த வாரம் எட்டு பஸ் ஓடாது. கம்பெனிக்கு அது தெரியும். நாகஜோதிக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சும்மா விடவும் இல்லை. மூன்றாவது வாரம் அவரை முப்பத்தொன்றாம் நம்பருக்கு மாற்றினார்கள். பாலைவனத்தில் தைத் என்ற ஊர்ப் பக்கம் போகும் நீளமான ரூட். விடிகாலை நாலரை மணிக்கே டியூட்டி. மற்றவர்களையும் ஆளுக்கொரு மூலைக்குக் கலைத்துப் போட்டார்கள்.

"கஷ்டமா இல்லையா அக்கா?" என்று போனில் கேட்டேன்.

"தூக்கம் வருது. வேறென்ன? வழியில ஒட்டகம் நெறைய நிக்குது டீச்சர். சர்க்கஸ்ல ஒண்ணுதான் வச்சிருந்தாங்க, அதுவும் கிழடு."

அடுத்த வருஷ விளையாட்டு விழா நிகழ்ச்சி நிரலில் கயிறு இழுக்கும் போட்டியே இல்லை. அதற்குப் பதிலாக மியூசிக்கல் சேர் வைத்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் மட்டும் கேட்டார்கள். சரவணகுமார் நேரமில்லை என்று சொல்லிச் சமாளித்தார்.

ஷம்சியா சும்மா இருக்கவில்லை. அஜ்மானில் மலையாளிச் சங்கம் ஒன்று நடத்தும் வடம்வலிப் போட்டியில், பெண்கள் பிரிவில் பெயர் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை. நானும் போனேன். அணிக்கு ஏழு பேர்தான் என்பதால் எட்டாவது ஆள் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினாள். எதிரணியில் ஒரு ஆஸ்பத்திரியின் நர்ஸுகள். எல்லோரும் முப்பது வயதுக்குள், ஒரே மாதிரி மஞ்சள் சட்டை, ஒரே மாதிரி பூட்ஸ். முதல் சுற்றிலேயே எங்கள் ஆட்களை இரண்டு முறையும் இழுத்துத் தள்ளிவிட்டார்கள். அவர்களுக்கும் நிற்கத் தெரிந்திருந்தது.

நான் ஆறுதல் சொல்லத் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். நாகஜோதியை அங்கே காணோம். அந்தப் பக்கம், நர்ஸுகளின் நடுவில் குந்தி உட்கார்ந்திருந்தார். கடைசி ஆளாக நின்ற நர்ஸ், குதிகாலை எப்படி மண்ணில் புதைப்பது என்று காட்டிக்கொண்டிருந்தாள். நாகஜோதி அவள் பூட்ஸைக் கையில் வாங்கி, திருப்பி, அடிப்பாகத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து, அதே மாதிரி குதிகாலை ஊன்றி, சாய்ந்து, "இப்பிடியா?" என்று கேட்டார். தோள் மண்ணாகியிருந்தது. ஒரு முட்டியில் ரத்தம்.

திரும்பி வந்து பாட்டிலை வாங்கிக் குடித்தார்.

"அடுத்தது நவம்பர்லயாம். பேரு குடுத்தாச்சு. ஆனா ஒரு சிக்கல் இருக்கு டீச்சர். ஏழு பேருக்கும் சேத்து எடை இவ்வளவுக்கு மேல போகக் கூடாதுன்னு இருக்கு. இன்னைக்கே ரெண்டு கிலோதான் மிச்சம். இஃப்பத் வேற லீவுல ஊருக்குப் போறா. இன்னைக்கு வெளிய நின்னவளச் சேத்தா எடை தாண்டிரும்." என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். சேதுமாதவன் மாஸ்டர் ஒரு காலத்தில் அவரைப் பார்த்தது இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். "உங்க எடை எவ்வளவு?"

"நாப்பத்தேழு," என்றேன்.

"கையக் காட்டுங்க."

காட்டினேன். சாக்பீஸ் தவிர வேறொன்றும் தூக்கியறியாத கை. அழுத்திப் பார்த்துவிட்டு, "பழகிக்கலாம். நாளைக்கு சாயங்காலம் ரோலா பார்க்குக்கு வாங்க," என்றார். "வரும்போது செருப்பு வேண்டாம்."